அம்மா பேரில் கொடுத்த ரத்தம்

பிரமிளா டீச்சர் ஆறாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டார்.

“நீ ஏன் டாக்டராகணும்னு நெனக்கிற?”

லோகேஸ்வரியும் ஆறாவது தடவையாக அதே பதிலைச் சொன்னாள்.

“கோவம், டீச்சர்.”

டீச்சர் பேனாவை மேசைமேல் போட்டார். கோலசிலாங்கூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். எத்தனையோ பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார் பண்ணி அனுப்பியவர். இப்படி ஒரு கழுதையை அவர் பார்த்ததில்லை.

“கோவம்னு சொன்னா ஒன்ன மனநல வார்டுக்குத்தான் அனுப்புவாங்க, மருத்துவம் படிக்க இல்ல. ‘சேவை’னு சொல்லு. அழகா, மெதுவா, சிரிச்சிக்கிட்டுச் சொல்லு.”

“எல்லாரும் அதைத்தானே சொல்வாங்க?”

“சொல்லட்டும்லா. நானூறு பேர் சொல்றத நானூத்தி ஒண்ணாவது ஆளா நீயும் சொல்லு. சீட்டு கெடச்ச பெறகு வீட்டுக்குள்ள ஒக்காந்து ஒன் கோவத்த வச்சிக்க.”

லோகேஸ்வரி தலையை ஆட்டினாள். ஆனால் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை சிரிப்பதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்று மருத்துவப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வைத்துக் கூப்பிட்டிருந்தது. நாள் வியாழக்கிழமை. இன்னும் மூன்று நாள். அந்த அறைக்குள் அவள் வாயில் என்ன வரப்போகிறது என்பதுதான் இப்போது எல்லாருக்கும் பயம். டீச்சருக்கு ஒரு பயம், அவள் அம்மா புனிதவதிக்கு வேறொரு பயம்.

அந்த வேறொரு பயம் என்னவென்று சொல்ல வேண்டுமானால் ரெண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். வாங்க கண்ணுங்களா, தூரம் இல்லை.

ஈஜோக்கைத் தாண்டி உள்ளே போனால் ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. பெயர் வேண்டாம். புனிதவதி அங்கே மருந்தடிக்கும் கும்பலில் இருந்தாள். செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு, கன்றைச் சுற்றி வளரும் புல்லுக்கு, எல்லாவற்றுக்கும் மருந்து. முதுகில் பம்பு, காலில் பூட்ஸ், தலையில் தொப்பி, முகத்தில் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிய துணி. பத்துப் பெண்கள் வரிசையாகப் போனால் யார் யார் என்று பெற்ற பிள்ளைக்கே தெரியாது. புருஷன் அழகேசன் எங்கேயோ வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான். அவன் கதை இங்கே வேண்டாம்.

மருந்தடிக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உடம்பில் விஷம் ஏறியிருந்தால் ரத்தத்தில் இருக்கவேண்டிய ஒரு சத்து குறைந்து காட்டுமாம். குறைந்தால் மருந்தடிக்கிற வேலையிலிருந்து எடுத்து உதிரிப் பழம் பொறுக்கப் போடுவார்கள். மூன்று மாசம் கழித்து மறுபடியும் ரத்தம். அப்போதும் குறைந்திருந்தால் மருந்து வேலை அதோடு போச்சு. சட்டம் நல்ல சட்டம்தான். நல்ல சட்டம் தோட்டத்துக்குள் வரும்போது பூட்ஸைக் கழற்றிவிட்டா வருகிறது? சேற்றோடுதான் வருகிறது. மருந்து வேலை போனவர்களுக்கு உதிரி பொறுக்கத் தொடர்ந்து இடம் இருக்காது. வேலை இல்லை என்றால் தோட்டத்து வீடும் இல்லை. அதனால் அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அது பெரட்டில் பிறந்த வழி. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், மேற்பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிடும்போது ஒருத்தி வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்கும் சேர்த்து ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்துவிடுவாள். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், சைக்கிள் பஞ்சராகியிருக்கும். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. ஒருத்திக்கு ஒருத்தி செய்கிற உதவி. அந்த உதவிதான் நாளடைவில் குரலில் இருந்து கைக்கு வந்தது. ரத்தம் குறைந்தவளுக்குப் பதிலாக, மருந்தடிக்காமல் வீட்டில் இருக்கிற அக்காளோ தங்கச்சியோ அவளுடைய ஐசி என்கிற அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய், துணியைச் சுற்றிக்கொண்டு, கையை நீட்டிவிட்டு வந்துவிடுவாள்.

புனிதவதிக்கு முதல் தடவை குறைந்து காட்டியது. மூன்று மாசம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அவளுக்கு அக்காளும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

“ஒன் மக இருக்காளே,” என்றாள் இராஜம்மா. அதே கும்பலில் மருந்தடிக்கிறவள், பக்கத்து வீட்டுக்காரி. “நல்ல வளத்தி. ஒன் சட்டையப் போட்டா நீதான்.”

“அவளுக்குப் பதினேழு வயசு, இராஜி.”

“மொகத்த எவன் பாக்கப் போறான்?”

எவனும் பார்க்கவில்லை, கண்ணுங்களா. அதுதான் இந்தக் கதை.

சனிக்கிழமை காலை ஆறு மணி. பெரட்டுக் களத்தில் மேசை போட்டு வெளியூர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது பெண்கள் வரிசை. பக்கத்தில் மண்டோர் அப்பளசாமி நின்றுகொண்டு “சீக்கிரம், சீக்கிரம், டாக்டருக்கு இன்னும் ரெண்டு தோட்டம் இருக்குலா” என்று விரட்டிக்கொண்டிருந்தான். டாக்டர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். புது வீட்டுக் குளியலறைக்கு என்ன நிற டைல்ஸ் ஒட்டுவது என்ற பேச்சு. சாம்பல் நிறம் வேண்டாம், அழுக்காகத் தெரியும் என்றார்.

லோகேஸ்வரி ஐசியை நீட்டினாள். அதில் அம்மாவின் படம். பிறந்த வருஷம் எழுபத்தாறு. டாக்டர் எண்ணை மட்டும் பார்த்து எழுதினார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, கண் மங்குகிறதா, கை நடுங்குகிறதா என்று தாளில் பதினைந்து கேள்விகள். பதினைந்துக்கும் ‘இல்லை’ என்று முன்கூட்டியே கோடு போட்டிருந்தது. எழுத்து நல்ல எழுத்து, அச்சு மாதிரி. ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே ஒரு நொடி வைத்து எடுத்தார்.

“சரி மக்சிக், அங்கே போய் ரத்தம் கொடுங்க.”

பதினேழு வயசுப் பிள்ளையை மக்சிக் என்றார். பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி. தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். துணிக்கு மேலே இருந்த கண்ணும் நெற்றியும் போதும், ஒரு கோடு இல்லாத நெற்றி. நீட்டிய கை போதும், மருந்து பட்டு நகம் கறுக்காத கை. அவர் தூக்கவில்லை. “சாம்பல் வேண்டாம்னு சொன்னேன்ல” என்று போனில் யாரையோ கோபித்துக்கொண்டார்.

லோகேஸ்வரிக்கு அப்போது கோபம் வரவில்லை. பயம்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் இராஜம்மாவும் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்கள், முட்டை அவித்துக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுத்த பிள்ளை அல்லவா. “பாத்தியா, ஒண்ணும் ஆவல” என்று சிரித்தாள் இராஜம்மா. ரெண்டு வாரத்தில் தாள் வந்தது. புனிதவதி, நாற்பத்தாறு வயது, ரத்தம் மிக நன்று, மருந்தடிக்கத் தகுதியானவர். டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள்.

அம்மா மறுபடியும் பம்பைத் தூக்கினாள்.

எட்டாவது மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுக் கன்று போட்டிருந்த காட்டில் புனிதவதி குப்புற விழுந்தாள். வாயில் எச்சில் வழிந்தது, சட்டை வியர்வையில் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. மண்டோர் அப்பளசாமி வண்டியில் தூக்கிப் போட்டான். எங்கே கொண்டு போனான் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு இல்லை. வீட்டுக்கு.

“இராஜி, மொதல்ல குளிப்பாட்டி வேற துணி மாத்து. மருந்து வாடையோட கொண்டு போனா ஆயிரம் கேள்வி கேப்பானுங்க.”

இராஜம்மா அழுதுகொண்டே குளிப்பாட்டினாள். குளிப்பாட்டியது உடம்புக்கு நல்லதுதான் என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் அவன் உடம்புக்காகவா செய்தான்? பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவன் முதலில் நீட்டியது நோயாளியை இல்லை, அந்தத் தாளை. “எங்க தோட்டத்துல எல்லாம் ஒழுங்கா செக் பண்றோம் டாக்டர். பாருங்க, ரத்தம் சுத்தம். இந்த அம்மா மயக்கம் போட்டதுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்ல. சாப்பாடு ஒழுங்கா சாப்பிட மாட்டாங்க, அதான்.”

அங்கிருந்த டாக்டர் சின்ன வயசு. விஷமாக இருக்குமோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியிருக்கிறது. பிறகு தாளைப் பார்த்தார். இவ்வளவு நல்ல ரத்தம் உள்ளவர் எட்டு மாசத்தில் இப்படி ஆவாரா என்று யோசித்தார். இதயமாக இருக்கலாம், மூளையாக இருக்கலாம் என்று வேறு வேறு சோதனைக்கு எழுதினார்.

பள்ளிச் சீருடையோடு கட்டில் பக்கத்தில் லோகேஸ்வரி நின்றாள். அந்தத் தாளில் இருந்தது அவளுடைய ரத்தம். அவள் ரத்தம்தான் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கிட்டே வரும்போதெல்லாம் புனிதவதி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். பேசாதே என்று அர்த்தம். பேசினால் வீடு போகும், ஐசி மாற்றிக் கொடுத்ததற்குப் போலீஸ் வரும், மற்ற பெண்களும் மாட்டுவார்கள்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் பூராவும் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு விடமுடியவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். லோகேஸ்வரி அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அது அம்மா ரத்தம் இல்ல டாக்டர். என்னோடது. நான்தான் கொடுத்தேன்.”

அவர் அவளைத் திட்டவில்லை. ஓடினார். விஷமுறிவு ஊசி போட்டார்கள். குழாய் வைத்தார்கள். புனிதவதி பிழைத்தாள். ஆனால் கை நடுக்கம் போகவில்லை. பாதம் மரத்துப் போயிற்று. தேநீர் தம்ளரைப் பிடித்தால் பாதி தரையில்தான். ஒரு நாள் முன்னால் ஊசி போட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று யாரோ ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை லோகேஸ்வரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ எழுதிப் போட்டார்கள். அது எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது. தோட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த வருஷமும் அதே டாக்டர் வந்தார். அதே தாள், அதே கோடுகள். பெண்கள் அதே போல ரத்தம் மாற்றிக் கொடுத்தார்கள். வேறென்ன செய்வார்கள்? பாவம் பார்த்து ஆபீஸ் கூட்டுகிற வேலையைப் புனிதவதிக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லிக்கொண்டான். நடுங்குகிற கையில் விளக்குமாறு.

இப்போது தெரிகிறதா, அந்தப் பிள்ளை ஏன் ‘சேவை’ என்று சொல்ல முடியாமல் நின்றாள் என்று?

புதன்கிழமை சாயங்காலம் இராஜம்மா வந்தாள். கையில் ஒரு பொட்டலம் பக்கோடா. உட்கார்ந்ததும் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

“நாளைக்கு என்னாடி பேசப் போற?”

“கேக்கறதுக்குப் பதில் சொல்லுவேன் அத்தை.”

“அதான் என்னா பதில்? பிரமிளா டீச்சர் ஒங்கம்மாகிட்ட போன் பண்ணிச் சொன்னாங்களாம், இவ என்னத்தயோ ஒளறப் போறானு. கேட்டுக்க. ரத்தம் கித்தம்னு வாயத் தொறந்த, எங்க சோத்துல மண்ணு. எனக்கு மூணு பேரு வீட்டுல. ஒனக்காவது படிப்பு இருக்கு. எனக்கு என்னா இருக்கு? பம்புதான் இருக்கு.”

“ஒங்களுக்குப் பதிலா இந்த வருஷம் யாரு கொடுத்தா?”

இராஜம்மா பக்கோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“எங்கம்மா மாதிரி நீங்களும் விழுவீங்க அத்தை.”

“விழுந்தா விழுந்துட்டுப் போறேன். இவ ஒருத்தி, டாக்டராவறதுக்கு முன்னயே சாவு நாள் குறிக்கிறா!”

புனிதவதி அடுப்படியில் இருந்து கத்தினாள். “லோகா! சேவைனு சொல்லுவ. சேவைனு மட்டும் சொல்லுவ. எம்மேல சத்தியம் பண்ணு.”

“பண்ண மாட்டேன்.”

“பண்ணுடி!”

“ஒன் பேர்ல ஒரு தடவ பொய் சொன்னதுக்கே ஒன் கை இப்படி ஆடுது. இன்னும் சத்தியம் வேற பண்ணணுமா?”

அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தது. தானாக விழுந்ததா, விட்டெறிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை தாயும் மகளும் பஸ் பிடித்து, ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். நீளமான நடைபாதை. வரிசையாக நாற்காலி. அதில் புனிதவதி உட்கார்ந்தாள், கை ஆடுவது தெரியாமல் இருக்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மகள் உள்ளே போனாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தூடோங் முக்காடு அணிந்த வயதான அம்மா, பேராசிரியை. வலப்பக்கம் சீனர் ஒருவர். இடப்பக்கம் சின்ன வயசு ஆள், மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ரெண்டு கேள்வி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது கேள்வியை அந்தச் சின்ன வயசு ஆள் திரையைப் பார்த்தபடியே மலாயில் கேட்டார்.

“ஏன் டாக்டராக விரும்புகிறீர்கள்?”

லோகேஸ்வரி சேவை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். டீச்சர் சொன்னது ஞாபகம் இருந்தது, அம்மா கத்தியதும் ஞாபகம் இருந்தது. “நான் மக்களுக்கு…” என்று ஆரம்பித்தாள். அவர் இன்னும் நிமிரவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே தட்ட ஆரம்பித்துவிட்டார். பதில் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

“டாக்டர், என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்,” என்றாள் அவள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பெரட்டு, துணி, ஐசி, டைல்ஸ், பதினைந்து கோடு, ஆஸ்பத்திரி, ஒரு நாள் பூராவும் வாய் திறக்காமல் நின்றது, எல்லாம் கொட்டியது. மலாயில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குத் தாவி மறுபடியும் மலாய்க்கு வந்தாள். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. “எனக்குச் சேவை செய்ய ஆசை இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அந்த நாற்காலியில் அந்த ஆள் உட்காரக் கூடாது. நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.”

சீனர் கேட்டார்: “நீ செய்ததும் குற்றம்தான். தெரியுமா?”

“தெரியும்.”

“உன் அம்மாவுக்குத் தெரிந்தா செய்தாய்?”

அந்தக் கேள்வியில் பிள்ளை தடுமாறிவிட்டாள். “இல்லை. நான்தான் ஐசியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தெரியாது.”

பேராசிரியை பேனாவை வைத்தார். “சரி. நீதான் அந்த டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பெண்கள். இன்னும் ரெண்டு தோட்டம் பாக்கி. மண்டோர் பக்கத்தில் நிற்கிறான். ரத்தம் குறைந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போகும், வீடு போகும் என்று உனக்குத் தெரியும். என்ன செய்வாய்?”

ரெண்டு வருஷமாக அந்த ஆளைத் திட்டியிருக்கிறாளே தவிர, அந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்ததில்லை.

“முதலில் மண்டோரை வெளியே போகச் சொல்வேன். அப்புறம்… அப்புறம் தெரியவில்லை, டாக்டர். குறைந்ததைக் குறைந்தது என்றுதான் எழுதுவேன். அவர்கள் என்னைத் திட்டுவார்கள்.”

“அடுத்த வருஷம் கம்பெனி உன்னைக் கூப்பிடாது.”

“கூப்பிடாவிட்டால் போகட்டும்.”

“உனக்குப் போகட்டும். வேறு ஒரு டாக்டரைக் கூப்பிடுவார்கள். கோடு போட்டு வைத்திருக்கிற ஒருவரை.”

லோகேஸ்வரி முகம் சிவந்து, கண் நிறைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நடைபாதையில் புனிதவதி மகள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“பாவி மகளே! எல்லாத்தயுமா?”

“எல்லாத்தயும். ஆனா ஒனக்குத் தெரியாதுனு சொல்லிட்டேன். நானே ஐசிய எடுத்துக்கிட்டுப் போனேன்னு சொல்லிட்டேன். ஒனக்கு ஒண்ணும் வராது.”

புனிதவதியின் கை மகளின் கன்னத்தில் விழுந்தது. நடுங்குகிற கைதான், ஆனாலும் நல்ல அடி. நடைபாதையில் காத்திருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“திருடினனு சொன்னியா? எம் மக பெத்தவ ஐசியத் திருடினவனு அவங்க எழுதிக்கிட்டு இருக்காங்களா உள்ள?”

“அம்மா, போவாத. அம்மா!”

கதவைத் தட்டவில்லை புனிதவதி. தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

சின்ன வயசு ஆள் பாதி எழுந்து, “மக்சிக், வெளியே இருங்கள்” என்றார்.

“மக்சிக் இல்லை,” என்றாள் புனிதவதி, தோட்டத்து மலாயில். “என் பேர் புனிதவதி. இதோ ஐசி. இதை நான்தான் என் மகளிடம் கொடுத்தேன். நானே என் சட்டையைப் போட்டுவிட்டேன், நானே முகத்தில் துணி கட்டிவிட்டேன். அவள் வேண்டாம் என்று அழுதாள். அடித்து அனுப்பினேன். என் பிள்ளை திருடி இல்லை. அப்படி எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.”

சின்ன வயசு ஆள் மடிக்கணினியை மூடினார்.

“அந்த டாக்டர் ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் இவளை விரட்டி விட்டிருப்பார். நானும் அன்றைக்கே பம்பை இறக்கி வைத்திருப்பேன். வேலை போயிருக்கும். போகட்டுமே! கை இருந்திருக்கும்.” ரெண்டு கையையும் நீட்டினாள். அவை அந்த மேசைக்கு மேலே காற்றில் ஆடின. “பாருங்கள். நன்றாகப் பாருங்கள்.”

பேராசிரியை எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். புனிதவதியை உட்காரவைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தை அழுத்தினார். எப்போதிருந்து, எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை பம்பு என்று கேட்டார். புனிதவதி தமிழில் பொரிந்து தள்ள, கன்னத்தில் அடி சிவந்திருந்த மகள் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். நேர்முகத் தேர்வு அப்படியே நின்றுபோயிற்று. வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அன்றைக்கு அரை மணி நேரம் தாமதம்.

போகும்போது பேராசிரியை லோகேஸ்வரியை நிறுத்தினார். “ஒரு இடத்தில் என்னிடம் பொய் சொன்னாய்.”

“ஆமாம்.”

“அம்மாவைக் காப்பாற்றக்கூடப் பொய் சொல்லாதே. ஒரு பொய்த்தாளால்தான் அவர் கை போயிற்று.” பிறகு, “நான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மேலே சொல்லியே ஆகவேண்டும். உங்களுக்குக் கஷ்டம் வரும்” என்றார்.

வந்தது. மூன்று வாரத்தில் தோட்டத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஐசியை வாங்கி, துணியை அவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து ரத்தம் எடுத்தார்கள். ஐந்து பேருக்குக் குறைந்திருந்தது. ஐந்து பேரையும் மருந்து வேலையிலிருந்து எடுத்தார்கள். அந்த வெளியூர் டாக்டர் மேல் விசாரணை என்றார்கள். மண்டோர் அப்பளசாமி தனக்கு ஒன்றுமே தெரியாது, பொம்பளைகள் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கொண்டான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். இதை எழுதும்போதே எனக்குக் கை எரிகிறது. ஆபீஸ் கூட்டுகிற வேலைக்கு ஆள் தேவையில்லை என்று கிராணி புனிதவதிக்குத் தாள் கொடுத்தான். தாயும் மகளும் ரவாங்கில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். மின்தூக்கி இல்லாத மாடி.

அங்கேதான் லோகேஸ்வரியின் போனில் செய்தி வந்தது. இடம் கிடைத்திருந்தது. புனிதவதி வாசித்துக் காட்டச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். பிறகு போய்ச் சோறு வடித்தாள்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் இராஜம்மா மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“எடம் கெடச்சிருச்சாமே.”

“ஆமா அத்தை.”

“எனக்கு வேல போச்சு. அந்த அஞ்சு பேருல நான் ஒருத்தி. நாலு வீடு கேட்டேன், கழுவித் தொடைக்கக்கூட எவளும் கூப்பிட மாட்டேங்கறா. ஒன் வாயால போச்சு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

லோகேஸ்வரி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். “ரத்தம் எவ்வளவு காட்டுச்சு?” என்றாள்.

“எல்லாரையும்விட எனக்குத்தான் கொறச்சலாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான் ரத்தம் எடுத்த ஆளு. இன்னும் ஒரு மாசம் அடிச்சிருந்தா செத்திருப்பேனாம். வாயில நல்ல வார்த்தையே வராதா இவனுங்களுக்கு?” மூச்சு விட்டுக்கொண்டாள். “ஒன்ன நான் மன்னிக்க மாட்டேன்டி. நல்லாப் படி. ஆனா மன்னிக்க மாட்டேன்.”

“மன்னிக்காதீங்க,” என்றாள் லோகேஸ்வரி.

உள்ளேயிருந்து புனிதவதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். கை ஆடியதில் அது கதவில் ரெண்டு தடவை இடித்தது. வாசலில் இராஜம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டாள்.

“கோவப்பட உசுரு இருக்குல்ல. ஒக்காந்து கோவப்படு.”

இராஜம்மா அவளை முறைத்தாள். நாற்காலியை முறைத்தாள்.

“பஸ்ஸு பன்னெண்டு மணிக்கு,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.